உள்ளே விடாத அழைப்பு

கிரெய்க்போர்ட் ஹெரன்ஸ் பேஸ்பால் அணி தன் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளர் கஸ் ஆர்மெண்டாவை, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வேலையை விட்டுத் தூக்கியது. பத்து மணிக்குள் ஊரில் அத்தனை பேருக்கும் அடுத்த மேனேஜர் யாரென்று தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு பெயர் என்பதுதான் கொஞ்சம் சிக்கல். பஸ் ஓட்டுகிறவருக்கு ஒருவர், பல் டாக்டருக்கு ஒருவர், கோயில் பாதிரியாருக்கு ஒருவர். சொந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட அந்த ஊரில் யாரும் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

நடீன் டக்கெட்டுக்கு மட்டும் வேறு கவலை. போனது கஸ்தான். ஆனால் அந்தத் தொழிலில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் போனால் அவர் கூட்டி வந்த கோச்சுகளும் போக வேண்டும். புதிதாக வருகிறவர் தனக்கு வேண்டிய ஆட்களோடு வருவார். யாரையாவது 'நீ இரு' என்று அவராகச் சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் அக்டோபர் கடைசியில் லாக்கரைக் காலி பண்ணிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நடீனின் புருஷன் லைல் டக்கெட் அந்த அணியின் மூன்றாம் பேஸ் கோச். அவனைக் கூட்டி வந்தது கஸ்.

மூன்றாம் பேஸ் கோச் என்பது பாவப்பட்ட வேலை. பேஸ்பாலில் ஓடுகிறவன் மூன்று பேஸையும் கடந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ஒரு ரன். அடி விழுந்துவிட்டது, இரண்டாம் பேஸில் இருந்தவன் தலைதெறிக்க ஓடி வருகிறான், பந்து எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. மூன்றாம் பேஸ் ஓரம் நிற்கும் கோச்தான் அரை நொடியில் முடிவு செய்து, கையைச் சுழற்றி 'போ' என்றோ, உள்ளங்கையைக் காட்டி 'நில்' என்றோ சொல்ல வேண்டும். ஓடியவன் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஓடியவனுக்குக் கைதட்டல். அவுட் ஆனால் அனுப்பியவனுக்கு வசவு. இதற்கு ஆள் கிடைப்பதே ஆச்சரியம்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஒரு ரன் பின்னால், கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட்; மூன்றாவது விழுந்தால் கதை முடிந்தது. இரண்டாம் பேஸில் நின்றது அணியிலேயே மந்தமாக ஓடுகிற கேட்சர். இடது பக்கம் ஒரு நல்ல அடி விழுந்தது. லைல் கையைச் சுழற்றினான். கேட்சர் உயிரைக் கொடுத்து ஓடினான். அவன் வருவதற்கு வெகு முன்பே பந்து வந்து காத்திருந்தது. அவுட். நாற்பதாயிரம் பேர் ஒரே குரலில் 'காத்தாடி' என்று கத்தினார்கள். லைல் கையைச் சுற்றுகிற அழகுக்கு ஊர் வைத்திருந்த பெயர் அது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அதில் இருபத்துநாலு வருடம் லைல் சின்ன லீக் அணிகளோடு பஸ்ஸில் கிடந்தான். பிப்ரவரியில் போனால் செப்டம்பர் கடைசியில்தான் முகத்தைப் பார்க்கலாம். நடீனால் கிரெய்க்போர்ட்டை விட்டு நகர முடியாது. அவள் அப்பா நுரையீரல் கெட்டுப்போய்க் கீழ் அறையில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் கஸ் லைலைப் பெரிய லீகுக்கு, அதுவும் அவள் பிறந்த ஊருக்கே கூப்பிட்டபோது அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பாதி ஆட்டம் வெளியூரில்தான். ஆனால் மீதிப் பாதி நாள் புருஷன் வீட்டில் இருந்தான். ஜூலை மாதத்தில் தன் பக்கத்தில் ஒருவன் குறட்டை விடுவதே அவளுக்குப் புதுசு. குப்பைத் தொட்டியை யார் வெளியே தள்ளுவது என்று போனில் இல்லாமல் நேருக்கு நேர் நின்று சண்டை போட முடிந்தது. ஐம்பத்துநாலு வயதில் அவள் புதுப்பெண் மாதிரி இருந்தாள் என்றால் சிரிப்பீர்கள். அப்படித்தான் இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை லைல் அடுப்படியில் நின்று பியரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தான்.

"கஸ்கிட்ட பேசினியா?" என்று கேட்டாள்.

"பேசினேன். தூங்கப் போறேன்னார். முப்பது வருஷமா சரியா தூங்கலையாம்."

"சரி, உன் கதை என்ன?"

"வர்றவன் முடிவு பண்ணுவான்."

"டெனி ட்ராஸ்க் பேர்தான் அடிபடுது."

லைல் பியரோகியைத் திருப்பிப் போட்டான். டெனி ட்ராஸ்க் பத்தொன்பது வருடத்துக்கு முன் ஹெரன்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆட்டக்காரன். பஸ் நிலையத்தில் அவன் படம் இன்னும் தொங்குகிறது. அதற்கும் முன்னால், இருபது வயதுப் பையனாக, சின்ன லீகில் லைலிடம்தான் ஆடக் கற்றான். அந்த ஒரு கோடையில் நடீனும் லைலோடு போய்த் தங்கியிருந்தாள். ட்ராஸ்க் ஆறு வாரம் அவர்கள் சோபாவில் படுத்தான். அவள் கையால் தின்றான். அவளை அம்மா என்று கூப்பிட்டான்.

"அவனை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேளேன், லைல்."

"அதெல்லாம் பண்ணக் கூடாது, நடி."

"ஏன் கூடாது? நம்ம சோபால படுத்துக் கிடந்தவன்தானே?"

"வேலை கேட்டு யாரும் போன் போடறதில்ல. வர்றவன்தான் கூப்பிடணும். நாமளா கூப்பிட்டா, முடியாதுன்னு அவன் வாயால சொல்ல வேண்டி வரும். அந்தச் சங்கடத்தை ஒருத்தனுக்குக் குடுக்கக் கூடாது."

"அப்போ நான் கூப்பிடறேன்."

"நீ கூப்பிட்டா நான் எந்த மைதானத்துலயும் தலை நிமிந்து நிக்க முடியாது," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

அவள் ட்ராஸ்க்குக்குப் போன் போடவில்லை. ஆனால் அவள் உட்காரும் நாற்காலியைப் பற்றி எந்த வழக்கமும் எதுவும் சொல்லவில்லை.

நடீன் வேலை பார்த்தது உள்ளூர் விளையாட்டு வானொலியில். மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை ரஸ்டி கெம்ப் என்கிறவன் மைக் முன்னால் உட்கார்ந்து கத்துவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆறு லைன் போனோடு அவள். அழைக்கிறவர்கள் முதலில் அவளிடம்தான் வர வேண்டும். பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன விஷயம் என்று கேட்டுத் திரையில் ஒரு வரி அடித்து வைப்பாள். அந்த வரியைப் பார்த்துத்தான் ரஸ்டி பொத்தானை அழுத்துவான். குடித்தவன், கெட்ட வார்த்தைக்காரன், ஒரு வாக்கியத்தை முடிக்க ஒரு யுகம் எடுப்பவன் எல்லாரையும் அவள் அங்கேயே கழற்றிவிட வேண்டும். அங்கே அவளுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான்: நடீன் வ்ராபெல். காத்தாடியின் மனைவி என்று ரஸ்டிக்கும் நிலைய மேலாளருக்கும் மட்டும் தெரியும். ரஸ்டி அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. அவனிடம் இருந்த ஒரே நாகரிகம் அது.

அன்று மூன்று அடிக்கும்போதே ஆறு லைனும் எரிந்தது.

"ரஸ்டி தலைவா, பேக்கரி கார்ல் பேசறேன். ட்ராஸ்க் வரணும். வேற பேச்சே கிடையாது."

"அவன் மேனேஜர் வேலை பார்த்ததே இல்லையேப்பா."

"நான்கூடத்தான் கல்யாணத்துக்கு முன்னாடி புருஷன் வேலை பார்த்ததில்ல."

"அது எப்படிப் போகுதுன்னு உன் வீட்டம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். அடுத்தது டோனா."

டோனாவுக்கு ஹப் ஓக்ஸ் என்கிறவர் வேண்டும், எழுபத்தோரு வயது. பழைய ஆள், கண்டிப்பானவர், பையன்களுக்குத் தாடி எடுக்கச் சொல்லுவார். "அவரு தூங்கி விழாம ஒன்பது இன்னிங்ஸ் உக்காருவாராம்மா?" என்றான் ரஸ்டி. "நீங்க நாலு மணி நேரம் உளறும்போது நான் முழிச்சிருக்கேனே," என்றாள் டோனா.

மூன்றாவது பெயர் ஜூலியன் ஹோல்ம். முப்பத்தெட்டு வயது. பெரிய லீகில் ஒரு பந்துகூட ஆடாதவன்; எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து வேறோர் அணியைத் தூக்கி நிறுத்தியவன். நடீனுக்கு அவன் பெயரே பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரோடு வருகிறவன் பழைய ஆட்களை ஒரு மணி நேரத்தில் துடைத்துப் போட்டுவிடுவான் என்று அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் சொல்லுவார்கள். ஐம்பத்தெட்டு வயதுக் காத்தாடியையா வைத்துக்கொள்ளப் போகிறான்?

முதல் நாள் அவள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ட்ராஸ்க் என்றவர்களை முன்னால் வைத்தாள். ஹோல்ம் என்றவர்களைக் கொஞ்சம் காக்க வைத்தாள். காத்திருந்து அலுத்து அவர்களே வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அவளே வைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து ஹோல்ம் பெயர் வானொலியில் வந்தால் அது திட்டுவதற்காக மட்டும் வந்தது.

அந்த ஹோல்ம் ஆட்களில் ஒருவர் வென்டெல் ப்ரைஸ். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மென்று மென்று பேசுவார்.

"வணக்கம்மா. மூணு விஷயம் சொல்லணும்," என்றுதான் ஆரம்பிப்பார்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். யாரைப் பத்தி?"

"ஜூலியன் ஹோல்மைப் பத்திதாம்மா. முதல் விஷயம்—"

"லைன் எல்லாம் நிறைஞ்சிருக்கு சார். நாளைக்கு முயற்சி பண்ணுங்க."

மறுநாள் சரியாக மூன்று ஐந்துக்கு வருவார். "பரவாயில்லம்மா, காத்திருக்கேன்," என்பார். நாலாவது லைனில் நாற்பது நிமிடம் அவரைத் தொங்கவிட்டுப் பிறகு துண்டிப்பாள். இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் நல்ல மனுஷி. ஆனால் கழுத்து வரை பயம் ஏறியவர்களிடம் நல்ல குணத்தை எதிர்பார்ப்பது நம் தப்பு. ஒரு நாள் அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்: "இன்னிக்கு நேரா மூணாவது விஷயத்துக்கே வந்துடறேன்மா. அந்த மூணாம் பேஸ் கோச் இருக்காரே—" நீயுமா, என்று நினைத்து அவள் பொத்தானை அழுத்தினாள். அவ்வளவு வேகமாக அவள் யாரையும் துண்டித்ததில்லை.

ஏனென்றால் அந்தத் திட்டை அவள் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தாள். ட்ராஸ்க் வேண்டும் என்றவர்களில் பாதிப் பேர், வைக்கும் முன் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். ட்ராஸ்க் வரட்டும், காத்தாடியைக் கழற்றட்டும். ட்ராஸ்க் ஆடின காலத்தில் இப்படி ஒரு கோச் நின்றிருந்தால் ட்ராஸ்க்கே அவனை அடித்திருப்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களைத் திரையில் ஏற்றினாள். பேசட்டும். வாய் வலிக்கப் பேசட்டும். ட்ராஸ்க் வந்துவிட்டால் அவனுக்குத் தெரியும் லைல் யாரென்று.

இரண்டாம் வாரம் இறைச்சி வாங்கப் போனாள். கடைக்காரர் கரும்பலகையில் மூன்று பெயர் எழுதி, வருகிறவர்களிடம் ஓட்டுக் கேட்டு ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ட்ராஸ்க்குக்குப் பலகையின் பாதி உயரத்துக்குக் கோடு. ஹோல்முக்கு நாலே நாலு. நாலாவதாக ஒரு பத்தியும் இருந்தது: யார் வந்தாலும் காத்தாடி போகணும். அதில் கோடு போட இடம் பற்றாமல் சுவரில் எழுதியிருந்தார்.

"உங்க ஓட்டு யாருக்கும்மா?"

"ட்ராஸ்க்," என்றாள்.

"நாலாவதுலயும் ஒண்ணு போட்டுக்கட்டுமா? எல்லாரும் ரெண்டு ஓட்டு போடறாங்க."

"வேண்டாம். ஒண்ணு போதும்," என்று மாட்டிறைச்சிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. ட்ராஸ்க்கின் பத்தியில் எத்தனை கோடு என்று மட்டும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

லைல் பகலெல்லாம் கராஜில் இருந்தான். ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துப் பிரித்து டப்பாக்களில் போட்டான். பக்கத்தில் ரேடியோ ஓடும். ஊரே அவனைக் காறித் துப்புவதை அவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

"அதை ஏன் கேக்கற? அணைச்சுத் தொலையேன்," என்றாள் ஒரு காலையில்.

"நீ வேலை பாக்கற ரேடியோ. ஆள் கம்மியாச்சுன்னா உன் வேலைக்கு ஆபத்து," என்று சிரித்தான்.

மூன்றாம் வாரம் மைதானத்துக்கு வெளியே ஐந்நூறு பேர் 'ட்ராஸ்க்' என்று எழுதிய அட்டையோடு நின்றார்கள். அணியின் முதலாளி, அப்பா விட்டுப் போன சொத்தை அனுபவிக்கிற மனுஷன், தொலைக்காட்சியில் வந்து, "ஊர் சொல்றதுக்குக் காது குடுக்கறோம்," என்றார். ஹோல்ம் நேர்காணலுக்கு வந்துவிட்டுப் போனான் என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது. ஓக்ஸ் ஃபுளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை ட்ராஸ்க் கையெழுத்துப் போட்டான்.

நடீன் செய்தியைக் கேட்டதும் அடுப்பில் இறைச்சியை ஏற்றினாள். கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு மெல்ல வேகவைப்பது. ட்ராஸ்க் அந்தச் சோபாக் காலத்தில் சட்டியை வழித்துத் தின்பான். லைல் முகம் மழித்திருந்தான். போனை மேஜையில் தனக்கு நேராக வைத்து உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிட்டானா?"

"இன்னும் இல்ல. மூணு மணிக்குப் பத்திரிகைக்காரங்க கூட்டம் இருக்கு. அது முடிஞ்சுதான் கூப்பிடுவான்."

"அவன் கூப்பிட்டா வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் அன்று வேலைக்குப் போனபோது உதட்டில் சாயம் பூசிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு ரஸ்டி கூட்டத்தை நேரடியாக ஒலிபரப்பினான். ட்ராஸ்க்குக்குக் குரல் தடித்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே இருபது வயதுச் சிரிப்பு. நகரத்துக்கு நன்றி சொன்னான். முதலாளிக்கு நன்றி சொன்னான். பிறகு யாரோ கோச்சுகளைப் பற்றிக் கேட்டார்கள்.

"மூணு வாரமா உங்க ஊர் ரேடியோவை கார்ல போட்டுக் கேட்டுட்டே இருந்தேன்," என்றான் ட்ராஸ்க். "என்னை இந்த நாற்காலியில உக்கார வெச்சது நீங்கதான். எனக்கு அது தெரியும். நீங்க என்ன கேட்டீங்கன்னும் தெரியும். முதல் நாளே சொல்லிடறேன். மூணாம் பேஸ்ல சுத்தின காத்தாடி இனிமே சுத்தாது."

அறை முழுக்கச் சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். நடீன் முன்னால் ஆறு லைனும் ஒரே நேரத்தில் எரிந்தது.

அவள் எதையும் எடுக்கவில்லை. ரஸ்டி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான், விளம்பரத்தைப் போட்டான். அவனால் செய்ய முடிந்தது அந்த இரண்டு நிமிடம்தான். பிறகு அவள் எடுத்தாக வேண்டியிருந்தது. பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன விஷயம். ஒவ்வொருவராக அடித்து ஏற்றினாள். பேக்கரி கார்லுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம பேச்சைக் கேட்டாங்க தலைவா. வாழ்க்கையில முதல் தடவையா நம்ம பேச்சை ஒருத்தன் கேட்டிருக்கான்," என்றார்.

நாலாவது லைனை எடுத்தாள்.

"வணக்கம்மா. வென்டெல் ப்ரைஸ். இனிமே பிரயோஜனம் இல்லைன்னு தெரியும். நான் வெச்சுடட்டுமா?"

"வேண்டாம் சார். சொல்லுங்க," என்றாள் நடீன். "மூணு விஷயமும் சொல்லுங்க."

நிஜமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"முதல் விஷயம். அந்தக் கடைசி ஆட்டம். ரெண்டு அவுட், அடுத்து அடிக்க வேண்டியவன் அந்த மாசம் பத்துக்கு ஒண்ணுகூட ஒழுங்கா அடிக்கல. கேட்சரை நிறுத்தி வெச்சிருந்தா ஆட்டம் அந்த அடிக்கிறவன் கையிலதான் போயிருக்கும். பத்துக்கு ரெண்டு தடவை பொழைக்கிற ஓட்டம்னாகூட அனுப்பறதுதான் சரி. டக்கெட் சரியாத்தான் அனுப்பினார். ரெண்டாவது விஷயம். இந்த வருஷம் அவர் நூத்தம்பத்தாறு தடவை அனுப்பியிருக்கார். ஒன்பது பேர்தான் அவுட். நான் டிவில பாத்து நோட்டுல எழுதியிருக்கேன். ஒருத்தன்கூட அவுட் ஆகலைன்னா அந்தக் கோச் பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம்மா. இவர் பயப்படல."

"மூணாவது?"

"அதைத்தான் தினமும் சொல்லப் பார்த்தேன். ஜூலியன் ஹோல்ம் ஆகஸ்ட்ல ஒரு பேட்டி குடுத்தார். கணக்குப் பைத்தியங்க படிக்கிற பத்திரிகை, வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க. லீக்லயே ஆளை அனுப்பத் தெரிஞ்ச கோச் ஒருத்தர்தான், அது கிரெய்க்போர்ட் டக்கெட், எனக்கு மறுபடி ஒரு அணி கிடைச்சா முதல்ல அவரைத்தான் வெச்சுக்குவேன்னு சொல்லியிருந்தார். அதை ஊர் கேட்டா டக்கெட்டைத் திட்டறது கொஞ்சம் குறையுமேன்னு நினைச்சேன். அவ்ளோதாம்மா. கேட்டதுக்கு நன்றி."

"சார், வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு நடீன் உள் மைக்கை அழுத்தினாள். "ரஸ்டி, நாலாவது லைன். வென்டெல். அவரை எடு."

"யாரு அது?"

"கணக்கு வாத்தியார். டக்கெட்டைப் பத்திப் பேசணுமாம். நல்ல விதமா."

ரஸ்டி தலையில் கை வைத்தான். "நடீன், எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்கு இல்லம்மா. ஊரே கொண்டாடிட்டு இருக்கு. இப்ப இவரைப் போட்டா அவரையும் கிழிச்சுடுவாங்க, உன் ஆளையும் மறுபடி கிழிப்பாங்க."

அவன் சொன்னது நியாயம்தான். அவள் நாலாவது லைனுக்குத் திரும்பியபோது வென்டெல் வைத்துவிட்டிருந்தார். ஏழு மணி வரை அவள் ட்ராஸ்க்கைக் கொண்டாடுகிறவர்களை வரிசையாக உள்ளே விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் கீழ் அறையில் உறுமிக்கொண்டிருந்தது. லைல் சமையலறையில் தனியாக இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒரு தட்டு போட்டு மூடி வைத்திருந்தான்.

"டெனி நாலு மணிக்குக் கூப்பிட்டான்," என்றான். "கூட்டத்துல அப்படிச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டான். ஊரு கேட்டுச்சு, நான் என்ன பண்ணன்னு சொன்னான். உன்னை விசாரிச்சான். அம்மா எப்படி இருக்காங்கன்னு."

"வேற யாராவது கூப்பிட்டாங்களா?"

"இடஹோ மாநிலத்துலேர்ந்து. சின்ன லீக், பதினெட்டு பத்தொன்பது வயசுப் பசங்க. சரின்னு சொல்லிட்டேன். வேற எவன் கூப்பிடப் போறான்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். தட்டைத் திறக்கவில்லை.

"உன்னை ஒண்ணு கேக்கணும், நடி," என்றான் அவன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மூணு வாரம் நான் அந்த ரேடியோவை விடாம கேட்டேன். அனுப்பினது சரிதான்னு ஒருத்தனாவது சொல்லுவான்னு. பெரிய ஊரு. ஒருத்தனாவது இருப்பான்னு நினைச்சேன். நான் ஆணி எடுக்கப் போன நேரத்துல யாராவது சொல்லியிருந்தா, எனக்குத் தெரியாம போயிருக்கும். உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் அவனிடம் பொய் சொல்ல அவளுக்குச் சந்தர்ப்பமே அமைந்ததில்லை. அவன் எங்கே வீட்டில் இருந்தான்.

"ஒருத்தர் சொன்னார்," என்றாள்.

"எப்போ? நான் கேக்கலையே."

"தினமும் கூப்பிட்டார். கணக்கு வாத்தியார். வென்டெல் ப்ரைஸ்."

லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"தினமுமா?"

"தினமும். நான்தான் உள்ள விடல. அவர் ஹோல்ம் ஆளு. நீ இங்கயே இருக்கணும்னா ட்ராஸ்க் வரணும்னு நினைச்சேன். அதனால..."

"என்ன சொன்னார்?"

அவள் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று வாத்தியார் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். நூற்றைம்பத்தாறு, ஒன்பது என்றபோது லைல் மெல்லத் தலையாட்டினான். அவனிடமும் அதே கணக்கு இருந்திருக்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். ஹோல்ம் யாரை முதலில் வைத்துக்கொள்வதாக இருந்தான் என்பதையும் சொல்லி முடித்தாள்.

லைல் எழுந்து தன் தட்டைக் கழுவினான். துடைத்தான். இருந்த இடத்தில் வைத்தான்.

"டெனி நல்லாத்தான் ஓடி வந்தான்," என்றான். "உன் இடத்துல நான் நின்னிருந்தாலும் அவனைத்தான் அனுப்பியிருப்பேன்."

"திட்டேன், லைல். வாய்விட்டு ரெண்டு வார்த்தை திட்டேன்."

"எதுக்குத் திட்டணும்? பாத்துதான் அனுப்பின. அவுட் ஆயிடுச்சு. அவ்ளோதான்."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் பின்னால் வந்து நின்று அவள் தோளில் கை வைத்தான். ஈரம் காயாத கை. கீழ் அறையிலிருந்து அப்பா அவளைக் கூப்பிட்டார். லைலே போய்ப் பார்த்து, குழாயைச் சரி பண்ணிவிட்டு வந்தான்.

"எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

"பிப்ரவரில."

"எப்ப வருவ?"

"செப்டம்பர் கடைசில வந்துடுவேன்," என்றான் லைல்.